அக்கா தூங்குவதற்கு ஒரு வீடு

தன் கட்டிலை விட்டால் பஸ்ஸில் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிற ஒருத்திக்கு எப்படி வீடு கட்டுவது? நான் சேலத்தில் ஆர்க்கிடெக்ட். வெயிலை எந்தப் பக்கம் மறிப்பது, காற்றை எந்தப் பக்கம் விடுவது என்றெல்லாம் வருஷக்கணக்கில் படித்தவள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் படித்த எதிலும் பதில் இல்லை. அந்த ஒருத்தி வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அக்கா.

அக்கா ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு வார்டன். சின்ன வயசிலேயே அந்த வேலைக்குப் போனவள், கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். விடுதியின் மூலையில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பீரோ. அதைத்தான் "எங்க ஊடு" என்பாள். இப்போது ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டது. புது வார்டன் வரும்போது அறையைக் காலி செய்தாக வேண்டும்.

எங்கே போவது? கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் அண்ணன், எதையும் சட்டுபுட்டென்று முடிக்கிற ஆள். ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்து, அக்காவுக்கு இடமும் பேசி வைத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த எங்கள் அப்பா ஏற்காடு பஜாரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அதில் இருந்த ஓட்டு வீடு எப்போதோ மழையில் விழுந்துவிட்டது. "அந்த மனையில அக்காவுக்கு நான் ஊடு கட்டித் தர்றேன்" என்று போனில் கத்தினேன்.

அண்ணன் கோபப்படவே இல்லை. "கட்டு, யாரு வேண்டாங்கறா? ஆனா அக்கா அதுல தூங்கணும். தூங்கலீன்னா ஊட்ட வித்துப்போட்டு இல்லத்துக்குக் கூட்டீட்டுப் போயிருவேன். அப்ப வந்து என்கூட மல்லுக்கு நிக்கக்கூடாது" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எரிச்சலே அதுதான். அக்கா விடுதியை விட்டு எங்கே போய்ப் படுத்தாலும் தூங்கமாட்டாள். ஒரு கோடை விடுமுறையில் ஒரு மாதம் இருக்கிறேன் என்று என் வீட்டுக்கு வந்தவள், வாரம் முடிவதற்குள் கண்ணெல்லாம் உள்ளே போய், "என்னைக் கொண்டுபோய் விட்ருடி கண்ணு" என்று கெஞ்சினாள். இல்லத்துக்குப் போனாலும் இதே கதைதானே என்றால், அங்கே டாக்டர் இருக்கிறார், மாத்திரை கொடுப்பார் என்றான் அண்ணன். என் அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பதா? மறுநாளே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மனையை அளக்கப் போனேன்.

மனையின் அகலம் பதினோரு அடி. நீளத்துக்குக் குறைவில்லை, பஜார் ரோட்டில் தொடங்கி பின்னால் சரிவில் இறங்கிச் சில்வர் ஓக் மரங்கள்வரை போகிறது. இடப்பக்கம் மளிகையும் மிளகும் தேனும் விற்கிற ஒரு பாயின் வீடு. முன்னால் கடை, பின்னால் குடும்பம். வலப்பக்கம் பூட்டியே கிடக்கும் ஒரு குடோன். நடுவில் எங்கள் மனை, பல் விழுந்த இடம் மாதிரி. பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் லாட்ஜ் கட்டச் சொன்னார். இன்னொருவர் இரண்டு கார் நிறுத்த வாடகைக்கு விடச் சொன்னார். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க முடியாத மனையில் வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பது என் தொழிலில் பலகாரம் மாதிரி. வீட்டின் நடுவே வானம் பார்த்த சின்ன முற்றம், மேற்கே வெயில் படாமல் மூடிய சுவர், நிழலாக ஒரு துணி காயப்போடும் இடம் என்று ஒரே மூச்சில் வரைந்தேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மலையேறி, விடுதி வராந்தாவில் அக்காவுக்குக் காட்டினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என்ன கண்ணு, நடு ஊட்டுல ஓட்டை?"

"முற்றம்க்கா. வெளிச்சமும் காத்தும் வரும்."

"மேகமும் வருமே. வந்தா எந்த நாற்காலியில உக்காரச் சொல்றது?"

பின்னால் நின்ற விடுதிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மூக்கு உடைந்துபோனது. சேலத்துக்காரி புத்தி, வேறென்ன? பிறந்ததிலிருந்து வெயிலுக்குப் பயந்து ஓடியவள், மலைமேல் வந்தும் வெயிலை மறித்து வரைந்திருக்கிறேன். இங்கே வெயில் விருந்தாளி. எப்போது வரும், எவ்வளவு நேரம் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் தலையணை, யூனிபாரம், மிளகு என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிற ஊர் இது. அடிவாரத்தில் ஆகிற நியாயமெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் தலைகீழாகிவிடுகிறது.

சரி, திருத்திக்கொண்டேன். முற்றத்துக்கு மேலே சரிவாகக் கண்ணாடி போட்டேன். மேற்குச் சுவரைத் திறந்துவிட்டேன். துணி காயப்போடும் இடத்தைக் கண்ணாடிக்கு நேர்கீழே கொண்டுவந்தேன். படுக்கையறையை மட்டும் தொடவில்லை, ஏனென்றால் அதில் எனக்கு அத்தனை பெருமை. பஜார் சத்தம் எட்டாமல் கடைசியில், சரிவில் ஒரு தளம் இறக்கி, மரங்களைப் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சத்தம் வராமலிருக்க, பாயின் சுவருக்கும் என் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்தவளுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேட்காத அறை. இதைவிட நல்ல பரிசு என்ன இருக்க முடியும்?

அந்த இடைவெளிக்காகப் பாயோடு சண்டையே போட்டேன். ஓட்டு வீடு விழுந்ததிலிருந்து அவர் வீட்டுப் பக்கச் சுவர் மழையில் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது. தகரம் அடித்து வைத்திருந்தார். "ஏனுங்க, உங்க செவுத்த எங்க செவுத்தோட ஒட்டிக் கட்டீருங்களேன். எங்களுக்கும் ஈரம் நிக்கும், உங்களுக்கும் எடம் கெடைக்கும்" என்று பதமாகத்தான் கேட்டார். "முடியாதுங்க பாய். அக்காவுக்கு அமைதி வேணும்" என்று நான் வெடுக்கென்று சொன்னேன். அந்தச் சந்தில் எலியும் குரங்கும்தான் குடியேறும் என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

அக்காவிடம் படுக்கையறையைக் காட்டியபோது, "நொம்ப அமைதியா இருக்கும் போல" என்றாள். சொல்லிவிட்டு உடனே சமையலறைப் பக்கம் விரலை நகர்த்தி, அரிசி டப்பா எங்கே வைப்பது என்று கேட்டாள். அக்கா அரிசி டப்பாவைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளே இல்லை. அவள் விடுதிச் சாப்பாட்டில் வாழ்ந்தவள். எதையோ மழுப்புகிறாள் என்று எனக்கு உறைத்தது.

அப்போதுதான் எனக்குள் ஒரு புழு நெளிய ஆரம்பித்தது. இவளுக்கு ஏன் மற்ற இடத்தில் தூக்கம் வருவதில்லை? இதுவரை நாங்கள் யாருமே அதைக் கேட்டதில்லை. அவளுக்கு இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். வீட்டைக் கட்டுகிறவள் நான். நான்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் மின்விசிறி என்று நினைத்தேன். ஏற்காட்டுக்காரிக்கு என் வீட்டு விசிறிச் சத்தம் பிடித்திருக்காது. ஆனால் சொந்தக்காரர் கல்யாணத்தில், மண்டபத்து ராட்சத விசிறிக்குக் கீழே, டியூப்லைட் எரிய, கைக்குழந்தை வீறிட, பாயில் வரிசையாகப் படுத்திருந்த அத்தைமார்களுக்கு நடுவே அக்கா குறட்டை விட்டிருக்கிறாள். நான் சாட்சி. விசிறி, வெளிச்சம், கட்டில் எல்லாம் ஒரே அடியில் அடிபட்டுப் போயின. குளிர் வேண்டுமோ என்றால், தெரிந்தவர்களின் எஸ்டேட் பங்களாவில் நாங்கள் ஆளுக்கோர் அறையில் தங்கியபோது நல்ல குளிர். இலை விழுந்தால் கேட்கும் அமைதி. அங்கே விடியும்வரை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தாள்.

பஸ் விஷயம் இன்னும் கூத்து. அடிவாரம் தாண்டி முதல் வளைவு திரும்பியதும் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத அம்மாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். ஒருமுறை வாழவந்தி கிராமத்துக்குப் போகிற ஒரு பெண்மணி, எழுப்ப மனசில்லாமல் தன் கூடையைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

நேராகவே கேட்டேன். "உனக்கு எதுனாலக்கா தூக்கம் வரமாட்டேங்குது?"

"வயசாச்சுல்ல."

"வயசாகறதுக்கு முன்னாடியும் வரலையே?"

"போடி இவளே. ஊடு கட்டச் சொன்னா என்னைய ஆராய்ச்சி பண்றா" என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு மணியடிக்கப் போய்விட்டாள்.

விட்டேனா? அவள் தினமும் தூங்குகிற இடத்தை அளந்து பார்த்துவிடுவது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் கட்டாயம் படுக்க வேண்டும் என்பது விடுதிச் சட்டம். வார்டனும் படுப்பாள். நான் சத்தம் போடாமல் அறையை அளந்தேன். கட்டில் எந்தத் திசை, ஜன்னல் எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. விசேஷமாக எதுவும் இல்லை. பச்சை டிஸ்டெம்பர் அடித்த சாதாரண அறை.

கட்டிலை ஒட்டிய சுவரில் மட்டும் ஓர் இடத்தில் பச்சை இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, வழவழவென்று தேய்ந்திருந்தது. படுத்திருந்தால் கை எட்டுகிற உயரம். "இது என்னக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். கண்ணை மூடியபடியே, "ஈரம் கண்ணு, மழைக்கு உதுந்துருச்சு" என்றாள். தொட்டுப் பார்த்தேன். சுக்கு மாதிரிக் காய்ந்திருந்தது. ஈரத்தில் உதிர்ந்த சுவர் எனக்குத் தெரியாதா? பிழைப்பே அதுதானே. ஈரம் சுவரைச் சொரசொரப்பாக்கும். இது கைப்பிடிக் கம்பி மாதிரித் தேய்ந்திருக்கிறது.

அக்கா தூங்கிவிட்டாள். வெளியே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்தது. அறை மங்கிப்போனது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் இடி ஒன்று உருண்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். டொக், டொக்.

அக்காவின் கை போர்வையை விட்டு வெளியே வந்தது. கண் திறக்கவில்லை, உடம்பு அசையவில்லை, குறட்டைகூட நிற்கவில்லை. அந்தக் கை தானாகப் போய், அந்தத் தேய்ந்த இடத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பவும் போர்வைக்குள் போய்விட்டது. கையில் இருந்த டேப் சுர்ரென்று சுருண்டு என் விரலையே அடித்தது.

டீ நேரத்தில் பிடித்துக்கொண்டேன். இந்த முறை மழுப்ப முடியவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பக்கம் சின்னப் புள்ளைங்க படுக்கற எடம். புதுசா வந்த புள்ளைங்களுக்குப் பயமா இருக்கும்ல? எந்திரிச்சு வந்து கதவத் தட்டவும் பயம். அதனால செவுத்தத் தட்டுவாங்க. வார்டனம்மா இருக்கீங்களான்னு அர்த்தம். நான் தட்டுனா, இருக்கறேன், தூங்கு சாமின்னு அர்த்தம். யாரும் சொல்லிக் குடுக்கல. ஒரு புள்ள போறப்ப அடுத்த புள்ளைக்குச் சொல்லீட்டுப் போகுது போல."

"தட்டாம விட்டா?"

"விட்டா எனக்கு முழிப்பு வந்துருது. என்னாச்சோ ஏதாச்சோன்னு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்தேன். அடிப்பாவி, இதைத்தானே இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தாய்! கல்யாண மண்டபம், பஸ், எல்லாம் ஒன்றாக வந்து பொருந்தின. கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு உயிர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இவள் உடம்பு அடங்கும். அப்படிப்பட்டவளை நான் சரிவில் ஒரு தளம் இறக்கி, காடு பார்க்க வைத்து, பக்கத்துச் சுவரோடும் உறவில்லாமல் வெட்டிவிட இருந்தேன். அந்த அறையில் அவள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டாள். அண்ணன் ஜெயித்திருப்பான்.

மறுநாள் காலையில் பாயின் கடைமுன் நின்றேன். கேட்க வேண்டிய கேள்வி அப்படிப்பட்டது. எப்படிக் கேட்டாலும் விபரீதமாகத்தான் இருக்கும்.

"பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊட்டுல யாரு யாரு எந்த ரூம்ல தூங்கறீங்க?"

பாய் மிளகு அள்ளிய கையோடு அப்படியே நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். ஊரெல்லாம் பாயம்மா என்று கூப்பிடுவார்கள். நான் உளறிக் கொட்டி, எங்கள் மனைப் பக்கச் சுவரை ஒட்டி யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றேன். பாயம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். முன்னால் கடை, அதற்கடுத்து சரக்கு வைக்கும் இடம், அதற்கும் அடுத்து ஒரு நீள அறை. இரண்டு கட்டில், சுவரெல்லாம் கிரேயான் கிறுக்கல். மகனுடைய பெண் குழந்தைகள் இரண்டு பேரும் படிப்பது, அடித்துக்கொள்வது, தூங்குவது எல்லாம் அங்கேதான்.

"ஒட்டிக் கட்டீறாதீங்கம்மா. இதுங்க ஆடற ஆட்டத்துல வார்டனம்மாவுக்குத் தூக்கம் கெட்டுப்போயிரும்" என்றார் பாயம்மா.

"அதுதாங்க வேணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணத்தை நான் சொல்லவில்லை. அது அக்காவின் விஷயம். பாய்க்குக் காரணமே தேவைப்படவில்லை. சுவரை ஒட்டிக் கட்டுகிறேன் என்றதும், "இதத்தானுங்க நான் அன்னைக்கே தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன்!" என்று ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கையில் திணித்தார். நான் அசடு வழிய வாங்கிக்கொண்டேன்.

வரைபடத்தைக் கிழித்து முதலிலிருந்து போட்டேன். அக்காவின் அறை ரோட்டுத் தளத்துக்கே ஏறி வந்தது, முன்னறைக்கு அடுத்ததாக, பிள்ளைகளின் நீள அறைக்கு நேராக. கட்டில் சுவரை ஒட்டி. கை எட்டும் தூரம் விடுதி அறையில் எடுத்த அதே அளவு. சரிவில் இருந்த அமைதியான அறை எனக்கு, நான் வந்தால் தங்க. இரண்டு சுவர்களும் சேரும் தலையில் தண்ணீர் இறங்காமல் தகரம் மடித்து மூடச் சொன்னேன். கட்டிலுக்கு நேரே மட்டும் எங்கள் சுவரை ஒல்லியாக்கி, இரண்டு சுவருக்கும் நடுவே காற்றுகூடப் போகாமல் கலவை போட்டு அடைக்கச் சொன்னேன்.

வெள்ளக்கடையிலிருந்து டூவீலரில் வரும் மேஸ்திரி என் வேலையை வேடிக்கையாகப் பார்த்தார். சுவர் காய்ந்த அன்று நான் உள்ளே சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்க, பாயம்மா அந்தப் பக்கம் தட்டினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில் அதுதான் கேட்டது. இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். கேட்டது. யாரோ தொண்டையைச் செருமுகிற அளவுக்கு, ஆனால் கேட்டது. "ஏனுங்க, எல்லாரும் பக்கத்து ஊட்டுச் சத்தம் வரக்கூடாதும்பாங்க. நீங்க வரலையேன்னு செவுத்த மொத்தறீங்க" என்றார் மேஸ்திரி. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கும் சேர்த்து பேக்கரியில் கேக் வாங்கிவந்தேன்.

வீடு நன்றாகவே வந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒல்லியாக, கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே போனால் தலைக்கு மேல் கண்ணாடி. மேகம் போகும்போது தரையில் நிழல் நகரும். வெயில் வந்தால் முதலில் துணிக்கொடி, பிறகு சாப்பாட்டு மேசை, பிறகு அக்காவின் நாற்காலி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். பள்ளி ஃபாதர் வந்து ஜெபம் செய்து தீர்த்தம் தெளித்தார். பாய் வீட்டிலிருந்து ஒரு குண்டான் பிரியாணி வந்தது. அண்ணன் வந்து கதவையெல்லாம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஊடு சூப்பர்தான். தூக்கம்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். இல்லத்தில் பேசிய இடத்தை அவன் இன்னும் விடவில்லை.

நானும் அக்காவோடு தங்கினேன், சரிவில் இருந்த என் அறையில். நான் பக்கத்தில் படுத்து அவள் தூங்கினால், நான் சேலம் திரும்பியதும் பழைய கதைதானே? பிறகுதான் தெரிந்தது, பாய் வீட்டில் பிள்ளைகள் இல்லை. பள்ளி லீவுக்கு ஆத்தூரில் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டுக்குப் போய்விட்டார்கள். போச்சுடா என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். இத்தனையும் யோசித்தவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும் என்று தோன்றவில்லையே!

காலையில் எழுந்து வந்தால் அக்கா குளித்து, தலை வாரி, புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கண்ணைப் பார்த்தாலே தெரியும். "தூங்குனியாக்கா?" என்றால், "ஊடு நொம்ப அழகா இருக்குது கண்ணு" என்பாள். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்த நாள், கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். அண்ணன் தினமும் போன் செய்தான். "தூங்குச்சா?" என்பான். "தூங்குது, தூங்குது" என்று ஒரு தடவை பொய் சொன்னேன். அடுத்த தடவை போனை எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்காகத்தான் கட்டினேனா, இல்லை அண்ணனிடம் ஜெயிக்கவா என்றுகூட ஒரு கணம் குழம்பினேன்.

பாயம்மாவிடம் போய், ஆளில்லாத அறையில் உட்கார்ந்து நீங்களாவது தட்டுங்கள் என்று கேட்கலாமா என்று வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன். சொல்லிவைத்துத் தட்ட வைத்தால் அக்காவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஆயிரம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள் அவள்.

ஒரு மதியம் ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். செருப்பை உதறும் சத்தம், சண்டை, பாயம்மாவின் அதட்டல் எல்லாம் கேட்டது. அக்கா அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். நான் அவள் அறை வாசலுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு மேலே மேகம் கூடி வீடு இருட்டியது. சடசடவென்று மழை பிடித்தது. இடி நேர் தலைக்கு மேலே இடித்தது.

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் டக்கென்று நின்றது. நான் காத்திருந்தேன். தட்டுங்கள், தட்டுங்கள் பிள்ளைகளா என்று மனசுக்குள் மன்றாடினேன். யாரும் தட்டவில்லை. எதற்குத் தட்டுவார்கள்? அவர்களுக்கு அம்மா இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள். ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி போர்வைக்குள் இருப்பாள். இது விடுதியா என்ன?

கதவிடுக்கில் அக்கா தெரிந்தாள். கண் திறந்துதான் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு, ஒரு கீறல் இல்லை. கையை எடுத்தாள், தயங்கினாள், மறுபடி எடுத்தாள். டொக், டொக்.

அவளாகவே தட்டுகிறாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு, இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், முதல் தடவையாக, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். நான் எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். என்னவோ, போகவில்லை. மழை மட்டும் கண்ணாடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஏதோ பேச்சு. பிறகு ஒரு டொக். இன்னொரு டொக். உடனே இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு டமடமவென்று சுவரை மேளமாக்கிவிட்டார்கள்.

"மெதுவா சாமிகளா!" என்று அதட்டினாள் அக்கா, படுத்தபடியே. வார்டன் குரல். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அப்புறம் மறுபடியும், பயபக்தியோடு, இரண்டே இரண்டு தட்டு. அக்கா பதிலுக்குத் தட்டினாள். கை கொஞ்ச நேரம் சுவரிலேயே இருந்தது. பிறகு வழுக்கிக்கொண்டு போர்வைமேல் விழுந்தது.

மழை விட்டது. கண்ணாடி வெளுத்தது. வெயில் துணிக்கொடிக்கு வந்து, மேசைக்கு வந்து, ஆளில்லாத அவள் நாற்காலிக்கும் வந்துவிட்டுப் போனது. அக்கா வாயைத் திறந்துகொண்டு, பஸ்ஸில் தூங்குகிற மாதிரியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நான் படியிலேயே உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அண்ணன். பதறிப்போய் எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன்:

"அக்கா தூங்குது. அப்பறமாக் கூப்புடு."